அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கண் நோயைப் பற்றிக் கண் டாக்டர் எழுதலாம். கதைப் புத்தகங்களைப் பற்றி நிறையப் படித்தவர்கள் எழுதலாம். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இந்த இரண்டையும் பற்றி எழுத உட்கார்ந்தது கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து நான் குப்புறக் கிடந்தபோது, இதேபோல் கிடந்த யாராவது தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று என் மனைவி சரசு ஃபோனில் தேடிப் பார்த்தாள். அவள் கைக்கு எதுவும் அகப்படவில்லை. உங்களில் யாருக்காவது அந்த ஏழு நாள் வரப்போகிறது என்றால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்தொன்று. வீடு மர்பி டவுன். ஹெப்பகோடியில் போல்ட் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். போல்ட்டின் அளவைக் கருவி சொல்லிவிடும். மரையில் இருக்கிற பிசிறு, மயிர் மாதிரி ஓடுகிற விரிசல் இதையெல்லாம் கண்தான் பிடிக்கவேண்டும். எனக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே உதவாது. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. வலது கண்ணுக்கும் மைனஸ் பத்து பவர். அந்த ஒரு கண்ணை வைத்துத்தான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன், படித்தேன்.

படித்தேன் என்றால் பெரும்பாலும் ஒரே கதை. 'ஒன்பது வாசல் நாடு' என்ற மாயாஜாலத் தொடர்நாவல். ஒரு நாட்டுக்கு ஒன்பது வாசல்கள், ஒவ்வொரு வாசலுக்கு அப்பாலும் ஒரு பருவம், நாட்டுக்கு வரைபடம் வரைகிற இளநாகி என்ற பெண் ஒவ்வொரு வாசலாகத் திறந்துகொண்டு போவாள். இதுவரை ஆறு பாகம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கிற அளவு தடிமன்.

கம்பெனி வேன் ஓட்டும் ஜான்சனும் அதைப் படிக்கிறான் என்பது ஆறு வருஷத்துக்கு முன்னால் தெரிந்தது. நான் வேனில் இரண்டாம் பாகம் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சிக்னலில் திரும்பி, “அண்ணா, பாலம் இடியுற இடம் வந்துட்டீங்களா?” என்று கேட்டான்.

வரவில்லை. பாலம் இடியும் என்பதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். ஒரு வாரம் அவனோடு நான் பேசவில்லை.

அதிலிருந்து வந்ததுதான் எங்கள் கதவு வழக்கம். இப்போது நாங்கள் ஆறு பேர். ஆஸ்டின் டவுனில் இருக்கும் பரிமளா டீச்சர்தான் எங்களுக்குத் தலைமை மாதிரி. புதிய பாகம் வந்ததும் ஆறு பேரும் வாட்ஸ்அப்பில் ஒரு சாத்திய கதவுப் படத்தைப் போடுவோம். படித்து முடித்தவர் திறந்த கதவுப் படம் போடுவார். ஆறாவது கதவு திறக்கும்வரை யாரும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடித்தவர்கள் இரண்டு பேர் தனியாகச் சந்தித்தாலும் பேசக்கூடாது. ஆறும் திறந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் கூடி, தொண்டை கட்டும்வரை பேசுவோம். அவர்கள் பேசுவார்கள். நான் காபி குடிப்பேன்.

எங்களுக்குள் பெரிய சண்டை நாலாம் பாகத்தைப் பற்றித்தான். அதில் ஐந்து பேர் ஒரு வெண்கல மணியை உப்புப் பாலைவனத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். உப்பு அரிக்காமல் இருக்க மணியைச் சுற்றியிருக்கும் துணியை அடிக்கடி நனைக்கவேண்டும். எழுநூற்று நாற்பது பக்கம் இதுதான்.

“நடந்துக்கினே இருக்கானுங்க டீச்சர்,” என்பான் ஜான்சன். “நான் ஓசூர் போய்ட்டு ரிட்டர்ன் வந்துட்டேன், அவனுங்க இன்னும் அதே உப்புல நிக்கிறானுங்க.”

“மணி எவ்வளவு கனம்னு உனக்குத் தெரியவேணாமா?”

“தெரிஞ்சிச்சு டீச்சர். முப்பதாவது பக்கத்துலயே தெரிஞ்சிச்சு.”

நான் யார் பக்கமும் பேசியதில்லை. அதற்குக் காரணம் கூச்சம் மட்டும் அல்ல. அந்தப் பாகத்தில் பாதியை நான் படிக்கவே இல்லை. தாண்டித் தாண்டிப் போய், முடித்ததாகக் கதவுப் படம் போட்டிருந்தேன்.

போன வருஷம் ஆறாம் பாகம் வந்தது. அறுநூற்று எண்பத்தெட்டுப் பக்கம். மூன்று வாரத்தில் ஐந்து கதவுகள் திறந்துவிட்டன. என் கதவு மட்டும் பாக்கி. வேனிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும்தான் எனக்குப் படிக்க முடியும். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஜான்சன் மட்டும் காலையில் கண்ணாடியில் பார்த்து, “எந்த வாசல்லண்ணா இருக்கீங்க?” என்பான். “ஆறு,” என்பேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டு கியர் மாற்றுவான்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை, வேனில், பக்கத்தின் மேல் மிளகுத்தூள் கொட்டினமாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கையால் தட்டிவிட்டேன். போகவில்லை. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளிகளும் அந்தப் பக்கம் மிதந்து வந்தன.

திங்கட்கிழமை கம்பெனியில், ஓரத்தில் யாரோ வெல்டிங் வைப்பதுபோல் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். யாரும் வெல்டிங் வைக்கவில்லை.

புதன்கிழமை மூக்கின் பக்கம், கீழே, ஒரு கறுப்புத் திரை எழுந்து நின்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். சட்டையில் துடைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். திரை அங்கேயே இருந்தது. இது கண்ணாடிக் கோளாறு இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் போயிருக்கவேண்டும். ஏன் போகவில்லை என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. போனால் படிக்கக்கூடாது என்பார்கள். என் ஒருவனுக்காக ஐந்து பேர் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஓட்டலில் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் கேட்கவே யோசிக்கிறவன் நான். நூற்றைம்பது பக்கம் இருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் திருப்பினேன். மூன்றாவது வரி நடுவில் தொய்ந்தது, ஈரத்துணி போட்ட கொடி மாதிரி. அதற்குக் கீழே இருந்த வரியும் தொய்ந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதன் வட்டமும் கோணலாக இருந்தது. மணி பன்னிரண்டரை.

மீதிப் பக்கங்களைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து, ஆறு மணிக்கு முடித்தேன். திறந்த கதவுப் படத்தைப் போட்டேன். ஒரு நிமிஷத்தில் பத்துப் பன்னிரண்டு கைத்தட்டல்கள் வந்தன. அதற்குப் பிறகுதான் சரசுவைக் கூப்பிட்டு, “கண்ல என்னமோ மறைக்குது,” என்று சொன்னேன்.

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். கன்னடக்காரர். நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழில் பேசினார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரியவைத்து, நெற்றியில் கட்டிய விளக்கால் நெடுநேரம் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார்கள்.

எனக்கு வந்தது விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அது எங்கேயாவது கிழிந்தால் உள்ளே நீர் புகுந்து, ஈரச்சுவரிலிருந்து காகிதம் உரிவதுபோல் உரிந்துவிடும்). பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இது வரச் சாத்தியம் அதிகமாம். வலி இருக்காது. அதுதான் இதில் மோசம். வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

“சென்டரும் ஸ்வல்ப தூக்கியிருக்கு,” என்றார் டாக்டர். விழித்திரையின் மையம் (எழுத்து, முகம், நூல் கோக்கிற ஊசி என்று நுணுக்கமாகப் பார்ப்பதெல்லாம் இந்தச் சின்ன இடத்தால்தான்) சுவரை விட்டுக் கொஞ்சம் எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். “எப்பலேர்ந்து எழுத்து கோணலா தெரியுது?”

“கொஞ்ச நாளா,” என்றேன்.

“கொஞ்ச நாள்னா? ஒரு வாரம்? ரெண்டு வாரம்?”

“கொஞ்ச நாளா மேடம்,” என்றேன் மறுபடியும். புத்தகக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் சரசு வேறு நின்றிருந்தாள்.

டாக்டர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பழைய விலகலாக இருந்தால் ஒட்டவைக்கலாம், ஆனால் படிக்கிற பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார். வெளியே உட்காரச் சொன்னார்கள்.

நீளமான வராண்டா. எல்லோரும் ஒரு கண்ணில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விரிந்த பாப்பாவில் ட்யூப்லைட் வெளிச்சம் பால் மாதிரி வழிந்தது. கம்பெனியில் இந்தக் கண்ணோடு என்னை என்ன செய்யச் சொல்வார்கள் என்று யோசித்தேன். பெட்டி தூக்கச் சொல்லலாம். ஐம்பத்தொரு வயதில் எத்தனை பெட்டி தூக்கமுடியும்?

சரசு கதைப் புத்தகம் தொடாதவள். அவள்தான் கேட்டாள்: “ஏங்க, நேத்துகூட அந்தச் செங்கல்லு புக்கை முடிச்சேன்னு சிரிச்சீங்களே. எழுத்து கோணலாயிருந்தா எப்டி முடிச்சீங்க?”

சொன்னேன். சனிக்கிழமை மிளகுத்தூளிலிருந்து ஆரம்பித்து வெள்ளிக்கிழமை கடிகாரம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“போய் டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க.”

“நீ போய்ச் சொல்லேன்.”

“நான் ஏன் சொல்லணும்? உங்க புக்கு, உங்க கண்ணு. வாயும் உங்களுதுதானே? போங்க.”

உள்ளே வேறு நோயாளி இருந்தார். என் வாழ்க்கையில் கூப்பிடாமல் ஒரு ஆபீசர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

“மேடம், கொஞ்ச நாளா இல்ல. திரை புதன்கிழமை வந்திச்சு. எழுத்து கோணலானது நேத்துதான்.”

“ஷ்யூரா தெரியுமா?”

“அறுநூத்திப் பன்னெண்டாவது பக்கத்துல மேடம்.”

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. “அதுக்கு முந்தின பக்கம் நேரா இருந்துச்சா?”

“நேரா இருந்துச்சு. அறுநூத்திப் பதினொண்ணு ஃபுல்லா படிச்சேன்.”

“அது எத்தனை மணி?”

“பன்னெண்டரை. கேன்டீன் கடிகாரம் பார்த்தேன்.”

“எக்ஸாம் எழுதறீங்களா சார்?”

“இல்ல மேடம். கதை.”

அவர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மையம் எழும்பியிருப்பதை ஸ்கேன் காட்டும், எத்தனை மணிக்கு எழும்பியது என்று ஸ்கேன் சொல்லாது, அதை நோயாளிதான் சொல்லவேண்டும் என்றார். ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றார்.

“திங்கட்கிழமை வேணாம். இவத்தே மாடோண, இன்னிக்கே செஞ்சிடலாம். ஏதாவது சாப்பிட்டீங்களா?”

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் ‘எப்போதிலிருந்து’ என்று கேட்டால் ‘கொஞ்ச நாளா’ என்று சொல்லாதீர்கள். எந்தக் காரியம் செய்யும்போது தெரிந்தது, எவ்வளவு அற்பமான காரியமாக இருந்தாலும், அதைச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

மாலை நாலு மணிக்கு ஆபரேஷன். விட்ரெக்டமி (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழை எடுத்துவிட்டு, விழித்திரையைப் பழைய இடத்தில் படியவைத்து, கிழிந்த இடத்தைச் சுற்றி லேசரால் பற்றுவைப்பது) என்று பெயர். மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். மரத்துப்போகக் காத்திருந்தபோது டாக்டர் குனிந்து, “கதை எப்படி முடிஞ்சுது?” என்று கேட்டார். என் பயத்தைக் குறைக்கத்தான் கேட்டிருப்பார்.

“சொல்லக்கூடாது மேடம். இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கல.”

இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பினார்கள். விழித்திரை ஒட்டிக்கொள்ளும்வரை அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும் கை அதுதான். வாயு எப்போதும் மேலே போகும். அதனால் கண்ணின் பின்சுவர் மேலே இருக்கும்படி நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஏழு நாள். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிஷம் முகம் கீழே, பத்து நிமிஷம் சாப்பிட, கழுவ. தூக்கத்திலும் குப்புறத்தான். வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, மலைக்குப் போகக்கூடாது (மேலே போனால் வாயு விரிந்து கண் கெட்டுவிடும்). தலையைக் கொஞ்சம் தூக்கினாலும் நர்ஸ், “தலை கெளகே சார், கெளகே,” என்று கையால் கீழே காட்டுவார்.

வீட்டில் சரசு ஒரு ஏற்பாடு செய்தாள். கட்டிலின் ஓரத்துக்கு வெளியே ஒரு ஸ்டூல், அதன்மேல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய நீச்சல் ட்யூப், அதற்கு ஒரு பழைய வேட்டி உறை. நெற்றியும் தாடையும் ட்யூபில், மூக்குக்கு நடுவில் ஓட்டை. இந்த யோசனையை வைத்துக்கொள்ளுங்கள், தலையணையை விட நூறு மடங்கு மேல். இட்லி சாப்பிடலாம். ரசம் சாதம் வேண்டாம். எதையும் ஸ்ட்ரா போட்டுக் குடியுங்கள். முதல் இரண்டு நாள் கழுத்தும் தோளும் கண்ணை விட அதிகமாகத் தொந்தரவு செய்யும். மூன்றாம் நாள் உடம்பு சண்டையை விட்டுவிடும்.

இரண்டாம் நாள் பரிமளா டீச்சரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. சரசு ஜான்சனிடம் சொல்லி, அவன் மூலம் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “ஏழுமலை, எங்களுக்காகவா கண்ணை வச்சுப் பந்தயம் கட்டினீங்க? ஒரு வருஷம் ஆனாலும் காத்துட்டிருந்திருப்போமே. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” சரசு என் வாய்க்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடித்தாள். “சாரி டீச்சர்,” என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

டீச்சர் அனுப்பியதாக மறுநாள் ஜான்சன் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தான். காலை ஷிப்டைக் கம்பெனியில் இறக்கிவிட்டு வேனோடு டவுனுக்கு வந்துவிடுவான். மாலைவரை அவனுக்கு வேலையில்லை. தினமும் வந்து எனக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று டீச்சர் உத்தரவு. அவன் வந்தது எனக்குக் காலடிச் சத்தத்தால்தான் தெரிந்தது. சாக்ஸை விட்டு வெளியே வந்திருந்த ஒரு கட்டைவிரல், கீழே தொங்கிய என் கையில் இடித்தது.

“எந்த பாகம்?”

“கேக்காதீங்கண்ணா,” என்றான். “உப்பு.”

“வேற இல்லையா?”

“நானும் அதான் கேட்டேன். குப்புறக் கிடக்கிறவனுக்கு அவசரப் புத்தகம் ஆகாதாம். டீச்சர் மருந்து சீட்டு எழுதிட்டாங்க.”

அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். அப்போதுதான் குரல் என் முகத்துக்கு நேரே வரும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஐம்பது நிமிஷம் வாசிப்பான், பத்து நிமிஷம் நான் எழுந்து நடப்பேன், மறுபடி ஐம்பது. வாசிப்பில் பாதி கதை, பாதி திட்டு. “இதோ, மறுபடியும் நனைக்கிறாங்க. ஒரு பேரல் தண்ணி வாங்கி வச்சிருக்கலாம் இல்ல, பாவிங்க.” சமையற்கட்டிலிருந்து சரசு, “மணி என்னாச்சு, கொண்டு போய்ச் சேத்தாங்களா?” என்று கேட்பாள். “அக்கா, உங்க குழம்பு மூணு தடவை கொதிச்சிருச்சு, இவனுங்க பத்தடிகூட நகரல,” என்பான்.

எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. ஒட்டுமா, ஒட்டாதா? அது ஏழு நாள் கழித்துத்தான் தெரியும். அதுவரை நான் செய்யக்கூடியது அசையாமல் இருப்பது ஒன்றுதான். வெறுமனே கிடந்தால் அந்தக் கேள்வி கழுத்தைப் பிடிக்கும். ஜான்சன் வாசிக்கும்போது, அடுத்து எப்போது துணி காயும் என்று காதைக் கொடுத்திருப்பேன். மணியின் கனம் எனக்குக் கழுத்தில் தெரிந்தது.

ஐந்தாம் நாள், வாசித்துக்கொண்டே போனவனை நிறுத்தினேன்.

“ஜான்சன், மதியத்துக்கு மேல துணியை நனைக்கவே இல்லையே?”

பக்கங்கள் சரசரவென்று புரளும் சத்தம் கேட்டது.

“சூரியன் சாயுறதுக்குள்ள ஒரு தடவை நனைப்பாங்க. நீ தாண்டிட்ட.”

“ரெண்டு பக்கம்தாண்ணா.”

“திரும்பிப் போ.”

“அண்ணா, ஒரு வார்த்தை கேக்கறேன். நீங்க இதை மொதல்ல படிக்கும்போது ஒவ்வொரு நனைப்பையும் படிச்சீங்களா?”

கண்ணைப் பார்த்துப் பேசவேண்டியதில்லை என்பதால் தைரியம் வந்தது. “பாதி புக்கைப் படிக்கலடா,” என்றேன். “படிக்காமலே கதவு திறந்துட்டேன்.”

தரையில் தடாலென்று ஒரு சத்தம். அவன் மல்லாந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். “அடப்பாவி அண்ணா! நான் ஒவ்வொரு பக்கமும் பல்லைக் கடிச்சுக்கினு படிச்சவன். படிச்சுட்டுத் திட்டறேன். நீங்க படிக்காம நல்லவராட்டம் காபி குடிச்சுக்கினு இருந்தீங்களா?” சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த இரண்டு பக்கத்துக்குத் திரும்பிப் போனான். எதையும் விடாமல் வாசித்தான். அதற்குப் பிறகும் இழுவைதான் என்றான்.

எட்டாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்தார். அதற்கு முன்னால் வராண்டாவில் காத்திருந்தபோது சரசு என் கையைப் பிடித்திருந்தாள். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் வெளியிடத்தில் அவள் கையைப் பிடித்தது எனக்கு நினைவில்லை. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, “ஒட்டியிருக்கு சார். சென்டரும் படிஞ்சிருக்கு,” என்றார். “தலையைத் தூக்கலாம்.”

தூக்கினேன். தலை காற்றில் தனியாக நிற்பதுபோல் இருந்தது. சரசு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். எதிரில் இருந்த ஓட்டலில் இரண்டு மசால் தோசை சாப்பிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவதே எனக்குப் பெரிய சுகமாக இருந்தது.

அதற்கப்புறம் காத்திருப்பு. வாயு இருக்கும்வரை அந்தக் கண்ணில் ஒன்றும் சரியாகத் தெரியாது. தண்ணீருக்குள் கண் திறந்த மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். இரண்டாம் வாரம் பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு தெளிவான பட்டை வந்தது. அதற்குக் கீழே, மேஸ்திரி வைக்கும் ரசமட்டம் மாதிரி ஒரு கோடு ஆடியது. நாளுக்கு நாள் கோடு இறங்கியது. முதலில் கூரை தெரிந்தது, பிறகு காலண்டர், பிறகு சரசுவின் நெற்றி. மூக்கு தெரிய மூன்று நாள் ஆனது. ஐந்தாம் வாரம் கோடு ஒரு குமிழியாகச் சுருங்கி, நான் நடக்கும்போது அடியில் உருண்டது. ஏழாம் வாரம் ஒரு காலை பல் தேய்க்கும்போது பார்த்தேன், குமிழி இல்லை.

எழுத்து வரிசைகள் எழுதிய பலகையில் மேலிருந்து ஐந்தாவது வரிவரை படித்தேன். டாக்டருக்கு அதில் என்னை விடச் சந்தோஷம். நேர்கோட்டைப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன நெளிவு இன்னும் இருக்கிறது. அது இருக்கும் என்றார். சீக்கிரம் கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது) வரும், அது எளிதான ஆபரேஷன் என்றார். வேலைக்குப் போகலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் கூடினோம். என் கதவு திறந்து ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதிய பாகம் அம்பு மாதிரி போகிறது என்று ஜான்சன் ஆரம்பித்தான். ஓடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கவே இல்லை என்று டீச்சர் சொன்னார். நான் காபியைக் கீழே வைத்தேன்.

“கடைசி எழுபத்தாறு பக்கம் எனக்கு ஞாபகமே இல்ல,” என்றேன். “முடிஞ்சா போதும்னு படிச்சேன். கதை வேகமா, நான் வேகமான்னு தெரியல. மறுபடி படிக்கணும். என் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க பேசுங்க, நான் வெளியில ஏரியைப் பார்த்துட்டு இருக்கேன்.”

“உக்காருங்க,” என்றார் டீச்சர். “யாரும் எங்கயும் போகல. முடிச்சிட்டுச் சொல்லுங்க.”

“டீச்சர்!” என்று ஜான்சன் அலறினான். “ஏழு வாரம்!”

“நீங்க சொல்லுங்க, ஏழுமலை. எத்தனை நாள் வேணும்?”

“தெரியாது டீச்சர்,” என்றேன். “நாளாகும்.” அப்படி ஒரு பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு பேரும் இட்லி வடை சாப்பிட்டோம். ஜான்சன் மட்டும் யாரிடமும் பேசாமல் மூன்று காபி குடித்தான்.

இப்போது என் கண் எனக்கு ஒரு பொருளாகத் தெரிகிறது, வீட்டில் இருக்கும் பழைய ரேடியோ மாதிரி. அதைத் தட்டிக் குலுக்கி வேலை வாங்கக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. குனிந்து செருப்பு மாட்டும்போதும் அது உள்ளே இருப்பதை உணர்கிறேன். நேரமும் மாறிவிட்டது. ஒரு மணி என்பது ஐம்பதும் பத்துமாகத்தான் வருகிறது. சிக்னலில் வேன் நின்றால் முன்பு பக்கத்தைப் புரட்டுவேன். இப்போது நிற்பதும் போகிற வழியில் சேர்ந்ததாகத்தான் இருக்கிறது.

ஓட்டலில் கூடியதற்கு மறுநாள், திங்கட்கிழமை, வேலைக்குப் போனேன். மதியத்துக்குள் நாலு பெட்டி போல்ட் பார்த்தேன். இரண்டு போல்ட்டில் விரிசல் இருந்தது, தனியாக எடுத்து வைத்தேன்.